நூற்றுப் பதினெட்டாவது வரி

இரண்டு கோப்புகள்.
ஒன்றில் பெட்டி எண்கள்,
திருவொற்றியூர் குடோனில் ஸ்கேனர் துப்பியவை.
இன்னொன்றில் லாரி எண்ணும் டிரைவர் பேரும்,
எர்ணாவூர் யார்டில் தேசிங்கு தட்டியது,
ஒற்றை விரலால், பீடி அணையாமல்.

விடிவதற்குள் வரிக்கு வரி பொருத்தி
ஒரே பட்டியலாக்கித் தரவேண்டும்.
"அவ்ளோதான, ரெண்டையும் ஒட்டும்மா" என்றார் ஜெரால்டு சார்,
ஸ்டாம்பு ஒட்டச் சொல்வதைப் போல.

ஜாவாஸ்கிரிப்டில் அது ஒன்பது வரி.
வரி முடியும் இடத்தில் வெட்டு.
ஒவ்வொன்றிலும் தேடு: நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
கிடைத்ததை அணியில் சேர்.
அந்தப் பக்கமும் அப்படியே, டிஎன் என்று தொடங்குவதை.
கிடைக்காததை வடிகட்டு
(இதை நானாகத்தான் சேர்த்தேன், சுத்தமாக இருக்கட்டுமென்று).
பிறகு முதலாவதோடு முதலாவது,
இரண்டாவதோடு இரண்டாவது,
நடுவில் ஒரு காற்புள்ளி.

ஓட்டினேன்.
ஒரு பிழையும் சொல்லவில்லை கணினி.
சீட்டுகளை அச்சடித்து அனுப்பிவிட்டு
டீ குடிக்க வெளியே வந்தேன்.
காற்று மணலியிலிருந்து வந்தால் அழுகிய முட்டை,
கடலிலிருந்து வந்தால் கருவாடு.
அன்றைக்கு இரண்டும்.

நாலரைக்கு மஸ்தான் பாஷா வந்தார்,
கதவை உதைக்காத குறை.
"இன்னாம்மா இது?
நான் ஏத்தினு வந்தது டைல்ஸு.
சீட்டுல அரிசின்னு கீது.
எவன் பொட்டிய என் தலைல கட்டுற?"
அவர் பின்னால் எட்வின்,
எட்வின் பின்னால் தணிகாசலம்,
படிக்கட்டு நிறைய ஆட்கள்,
ஒவ்வொருவர் கையிலும்
தனக்கு முன்னால் நிற்பவரின் சரக்கு.

பட்டியலின் அடியில் போய்ப் பார்த்தேன்.
கடைசிப் பெட்டிக்கு டிரைவர்: அன்டிஃபைன்டு.
தோளுக்கு மேலாக எட்டிப் படித்த பாஷா கேட்டார்,
"யாரும்மா அவரு, வடக்கத்தி ஆளா?"

அடியிலிருந்து மேலே ஏறினேன்.
முந்நூறு சரியில்லை, இருநூறு சரியில்லை,
நூற்றுப் பதினேழு சரி.
நூற்றுப் பதினெட்டில்
தேசிங்கு எண்ணே அடிக்கவில்லை.
"சைலபதி கிளட்ச் போச்சு வேற வண்டில வரான் நம்பர் அப்புறம்."
என் வலையில் சிக்காத ஒரே வரி.
அதைத் தூக்கிப் போட்டேன்.
பின்னால் நின்ற அத்தனை பேரும்
ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்கள்.

"சைலபதிதான?" என்றார் பாஷா.
"எனுக்கு முன்னாடி வண்டிதான். வா, காட்டுறேன்."

எக்ஸ்பிரஸ் சாலையில் லாரிகள்,
இரண்டு இரவாக அசையாதவை.
நடுவே ஒரு லாரி நீளத்துக்குத் தார்ச்சாலை வெறுமையாக.
கிரேன் இழுத்துப் போனபோது சிந்திய ஆயில்,
அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடம்,
காற்றில் உருளாமலிருக்க உள்ளே அரைச் செங்கல்.
தூக்கமில்லாத முந்நூறு பேர்.
ஒருத்தரும் அதில் மூக்கை நுழைக்கவில்லை.
"யார் குடம்?"
"என்துதான். குடிக்கறதுக்கு வேற வெச்சுகீறேன்."

திரும்பி வந்து வடிகட்டும் வரியை அழித்தேன்.
அது இருந்த இடத்தில்:
இல்லையென்றால் எனும் இரண்டு செங்குத்துக் கோடு,
அப்புறம் இரண்டு மேற்கோள் குறி,
நடுவே ஒன்றும் எழுதாமல்.

மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு: பெட்டி எண், காற்புள்ளி,
அதற்கப்புறம் திரையின் வெள்ளை.
பாஷாவுக்கு டைல்ஸ்.
அன்டிஃபைன்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஐந்தே முக்காலுக்கு வரிசை ஒரு லாரி நகர்ந்தது.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
பாஷா இறங்கினார்,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
குடத்தைத் தூக்கி முன்னால் வைத்தார்,
செங்கல் சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டு தட்டினார்,
அப்புறம்தான் தன் வண்டியைக் கிளப்பினார்.